வகுப்பறை மேலாண்மை, பதிவேடுகள், உயர்நிலை வகுப்பு மாணவர்களின் தேர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், பெற்றோர் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்தே வருகின்றன. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வகுப்பறை மேலாண்மை என்றால் மாணவர்களைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதுதானே?

சத்தமே இல்லாத வகுப்பில் பாதிப் பேர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். சலசலப்பாக இருக்கும் வகுப்பில் நான்கு நான்கு பேராகக் கூடி ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி வரை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பாடத்தோடு இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். யார் எங்கே உட்காருவது, நோட்டுகளை எப்படி வாங்கி எப்படித் திருப்பிக் கொடுப்பது, ஐயம் வந்தால் எப்படிக் கேட்பது, வேலையைச் சீக்கிரம் முடித்தவர் அடுத்து என்ன செய்வது என்று ஆசிரியர் முன்கூட்டியே செய்து வைக்கும் ஏற்பாடுகள் எல்லாம் மேலாண்மைதான். அமைதி பெரும்பாலும் தானாகப் பின்னால் வந்துவிடும்.

அது மதிப்பெண் வரை எப்படிப் போய்ச் சேர்கிறது?

முதல் வழி நேரம். 40 நிமிடப் பாடவேளையில் வருகை எடுக்க, நோட்டைத் தேட, ‘உட்காருங்கள், உட்காருங்கள்’ என்று சொல்ல 5 நிமிடம் போகிறது என்று வையுங்கள். யாருக்கும் அது பெரிதாகத் தெரியாது. நாளுக்கு 8 பாடவேளை என்றால் 40 நிமிடம், அதாவது ஒரு முழுப் பாடவேளை. ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்றால் 200 பாடவேளை. கூட்டிப் பார்த்தால் 25 பள்ளி நாள் காணாமல் போயிருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018ல் பல நாடுகளின் ஆசிரியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், அதன் உறுப்பு நாடுகளில் சராசரியாக வகுப்பு நேரத்தில் 78 சதவீதம்தான் கற்பித்தலுக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தது. மீதி ஒழுங்குபடுத்தவும் நிர்வாக வேலைக்கும் போகிறது. வருகை எடுப்பதும் அந்த நிர்வாக வேலையில் ஒன்று. பதிவேடு எழுதும் முறையே பாட நேரத்தைத் தின்னக்கூடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி கொஞ்சம் மறைவானது. தொடக்க வகுப்பில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பார். உயர்நிலை வகுப்பிலோ பாடவேளைக்குப் பாடவேளை ஆள் மாறுகிறார், சட்டமும் மாறுகிறது. ஒருவர் வகுப்பில் கை தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும், அடுத்தவர் வகுப்பில் யார் வேண்டுமானாலும் பேசலாம். இந்தத் தடுமாற்றத்திலேயே கவனம் சிதறும். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கிறார்கள், முழுப் பிள்ளையை ஒருவரும் பார்ப்பதில்லை. கணக்கில் சரிவது கணக்கு ஆசிரியருக்குத் தெரியும், அதே மாதம் அறிவியலிலும் சரிந்தது அவருக்குத் தெரியாது. மேலாண்மையும் பதிவேடும் ஒரே பேச்சில் வருவதற்கு இதுதான் காரணம்.

கண்டிப்பான ஆசிரியர் வகுப்பில்தான் தேர்ச்சி அதிகம் என்கிறார்களே?

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்ற ஆராய்ச்சி அங்கிருந்து பிறந்தது. பல வகுப்பறைகளைப் படம்பிடித்து அலசி 1970ல் அவர் வெளியிட்ட முடிவு, தொடங்கிய கேள்வியையே புரட்டிப் போட்டது. நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியருக்கும் தடுமாறும் வகுப்பின் ஆசிரியருக்கும் கண்டிக்கும் விதத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தவறு நடப்பதற்கு முன்னால் அவர்கள் செய்வதில்தான் வேறுபாடு இருந்தது. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது நல்ல ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது, தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவருடைய நோட்டைத் திருத்திக்கொண்டே இன்னொருவரைக் கண்ணால் அடக்குகிறார். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விழாமல் வகுப்பை நகர்த்துகிறார்.

ஒரு காட்சியாகப் பாருங்கள். மூன்றாவது பெஞ்சில் இருவர் குசுகுசுக்கிறார்கள். ஒரு ஆசிரியர் விளக்கத்தை நிறுத்தாமலே அந்தப் பக்கம் நடந்து, அவர்கள் நோட்டில் அடுத்த வரியின் மேல் விரலை வைத்துவிட்டு நகர்கிறார். பத்து விநாடிகூட ஆகவில்லை, பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது. இன்னொருவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ‘யாரது? எழுந்திரு!’ என்கிறார். இப்போது 40 பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். எழுந்து நிற்கும் 14 வயதுப் பையனுக்கு ஆசிரியர் பெரிதல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள்தான் பெரிது. அவன் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்கிறான். மூன்று நிமிடம் போயிற்று, அந்த வாரம் முழுக்க உறவும் கெட்டது.

‘கண்டிப்பானவர்’ என்று பெயர் வாங்கிய சிலருடைய வகுப்பில் உண்மையிலேயே தேர்ச்சி அதிகம்தான். கூர்ந்து பார்த்தால் அவர்கள் நேரத்துக்கு வருபவர்கள், தயாரித்துக்கொண்டு வருபவர்கள், இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறாதவர்கள். பாராட்டு மட்டும் பிரம்புக்குப் போய்விடுகிறது.

கேள்வி கேட்டால் அதே நான்கு பேர்தான் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களை எப்படி உள்ளே இழுப்பது?

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். 3 விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். நின்றுகொண்டிருப்பவருக்கு 3 விநாடி மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொண்டால் சமாளிக்கலாம். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். பெயரைக் கேட்டதுமே மற்ற 39 பேரும் ஓய்வெடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

உட்காரும் இடம் முக்கியமா?

வேலையைப் பொறுத்தது. தனியாகக் கணக்குப் போடுவதற்கு வரிசையும், கலந்து பேசுவதற்குக் குழுவும் நன்றாக உதவுகின்றன. நெருங்கிய நண்பர்களைப் பிரிப்பதைவிட, ஆசிரியர் ஒவ்வொரு மேசைக்கும் நடந்துபோக வழி இருப்பது பெரிய விஷயம்.

50, 60 பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா?

எல்லாம் நடக்காது. தினமும் 60 நோட்டைத் திருத்துவது யாராலும் முடியாது, முடியும் என்று சொல்பவர் அடிக்கோடு மட்டும் போடுகிறார் என்று அர்த்தம். நாளுக்கு 12 நோட்டு என்று முறை வைத்தால் வாரத்தில் எல்லோருடையதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பாடம் முடியும்போது ஒரே ஒரு கேள்விக்கு அரைத்தாளில் விடை எழுதி வாங்கி, சரி, அரைகுறை, தவறு என மூன்று கட்டாகப் பிரிப்பதற்குப் பத்து நிமிடம் ஆகாது. மதிப்பெண் போட வேண்டாம். மூன்றாவது கட்டில் இருப்பவர்களின் பெயரை மட்டும் குறித்தால் போதும். பெரிய வகுப்பில்தான் பதிவேடு உண்மையாகவே தேவைப்படுகிறது. 15 பேரை நினைவிலேயே வைத்துக்கொள்ளலாம், 60 பேரை முடியாது. நினைவு எப்போதும் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும்தான் வைத்துக்கொள்கிறது, நடுவில் இருப்பவர்கள் ஆண்டு முழுக்கக் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

பதிவேடு எழுதினால் மாணவன் எப்படித் தேறுவான்? அது அலுவலக வேலைதானே?

எழுதுவதால் யாரும் தேறுவதில்லை. எழுதியதைப் படித்து, அதனால் நாளைய வகுப்பில் ஏதாவது ஒன்று மாறினால்தான் பலன். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக எழுதிய பதிவேட்டை உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம்: ஒரே பேனா, ஒரே மை, மூன்று மாதம் ஒரே கையெழுத்து, ஒரு அடித்தல்கூட இல்லை. வேலைக்குப் பயன்படும் பதிவேட்டில் ஓரக்குறிப்பு இருக்கும், கேள்விக்குறி இருக்கும், ‘திங்கள் மறுபடி கேட்க’ என்று எழுதியிருக்கும்.

வருகைப்பதிவேட்டில் அப்படி என்ன தெரியப்போகிறது?

மற்ற எல்லாப் பதிவேட்டையும்விட இதில்தான் அதிகம் தெரியும், ஆனால் கீழே போடும் மொத்தத்தைப் பார்த்தால் தெரியாது. வகுப்பின் சராசரி வருகை 95 சதவீதம் என்றால் தலைமையாசிரியர் மகிழ்ந்துபோவார். 40 மாணவர், 200 நாள் என்றால் மொத்தம் 8,000 வருகை. 5 சதவீதம் குறைந்தால் 400. அந்த 400 எல்லோருக்கும் பரவியிருந்தால் தலைக்கு 10 நாள், பெரிய பாதகம் இல்லை. அதே 400ஐப் பத்துப் பேர் மட்டும் சுமந்தால் தலைக்கு 40 நாள், ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு! இரண்டு வகுப்புக்கும் சராசரி 95தான். ஆகவே பெயருக்கு நேராகக் குறுக்குவாட்டில் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளி நாட்களில் 10 சதவீதம் தவறவிட்டாலே அதை நாள்பட்ட வருகையின்மை என்று கணக்கில் எடுக்கிறார்கள். 200 நாளில் அது 20 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். பார்வைக்குச் சாதாரணமாக இருப்பதால் கோட்டை விட்டுவிடுகிறோம். ராபர்ட் பால்ஃபான்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007ல் வெளியிட்ட ஃபிலடெல்ஃபியா ஆய்வு ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தது. 80 சதவீதத்துக்குக் கீழான வருகை, மோசமான நடத்தைக் குறிப்பு, கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ தோல்வி ஆகியவை பிற்காலத்தில் படிப்பை முடிக்காமல் போவதற்கான முன்னறிகுறிகள் என்று கண்டார்கள். சிகாகோவில் எலேன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் 2005ல் காட்டியது இன்னும் நேரடியானது: ஒன்பதாம் வகுப்பில் தடம் புரளாமல், அதாவது போதிய பாடங்களில் தேறி, முக்கியப் பாடங்களில் அதிகம் தோற்காமல் இருந்தவர்கள், புரண்டவர்களைவிட உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்க மூன்றரை மடங்கு வாய்ப்புப் பெற்றிருந்தார்கள். இவற்றில் எதற்கும் புதுக் கருவி தேவைப்படவில்லை. வருகை, நடத்தை, மதிப்பெண் எல்லாம் எந்தப் பள்ளியின் அலமாரியிலும் இருப்பவைதான்.

உயர்நிலை வகுப்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலையில் பெயர் கூப்பிடும்போது இருந்தவர் ஆறாவது பாடவேளையில் இல்லாமல் போகலாம். ஒருவர் திங்கள்கிழமை மட்டும் வரவில்லை, இன்னொருவர் கணக்குத் தேர்வு நாளில் மட்டும் வரவில்லை என்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு மூன்றாம் நாளே பேசிவிடுவது நல்லது. ‘ஏன் வரவில்லை?’ என்று தொடங்கினால் பொய்தான் பதிலாக வரும். ‘இரண்டு நாளாகக் காணோமே என்று கேட்டேன்’ என்றால் பேச்சு நீளும். திரும்பி வந்த பிள்ளைக்கு விட்டுப்போன பாடம் எங்கே கிடைக்கும் என்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் புரியாத வகுப்பில் உட்கார முடியாமல் மறுபடி விடுப்புதான்.

மதிப்பெண் பதிவேட்டில் மொத்தத்துக்கு மேல் என்ன எழுதலாம்?

வினாவாரியாக ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே வினா எண்கள், சரியென்றால் ஒரு கோடு, தவறென்றால் காலி. ஒன்பதாம் வகுப்புச் சமன்பாட்டுத் தேர்வில் வகுப்புச் சராசரி 50க்கு 31 என்று வையுங்கள். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கட்டத்தில் ஏழாம் வினாவை 40 பேரில் 11 பேர்தான் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. தாள்களைப் புரட்டினால் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள்: சமக்குறியைத் தாண்டி உறுப்பைக் கொண்டுபோகும்போது குறியை மாற்றவில்லை. மறுநாள் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கினால் போதும்.

மேலிருந்து கீழாக ஒரு பத்தி முழுக்கக் காலியாகக் கிடந்தால் பாடம் நடத்தியதிலோ வினாவிலோ கோளாறு. குறுக்காக ஒரு வரிசை காலியாக இருந்தால் அந்த மாணவரோடு தனியாக உட்கார வேண்டும். மொத்த மதிப்பெண் இந்த இரண்டையும் கலந்து மறைத்துவிடும். முதல் வகையைக் கண்டும் ‘பிள்ளைகள் படிக்கவில்லை’ என்று எழுதுகிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு.

விடைத்தாளில் மதிப்பெண் போடுவதா, குறிப்பு எழுதுவதா?

ரூத் பட்லர் 1988ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் ஆர்வத்திலும் அடுத்த வேலையிலும் முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண் தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்றுதான் கண் போகிறது. ஆண்டுத் தேர்வுக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். வாரத் தேர்வுகளில் குறிப்பை முதலில் கொடுத்து, திருத்தி எழுதச் சொல்லி, மதிப்பெண்ணை இரண்டு நாள் கழித்துச் சொல்லிப் பாருங்கள். ‘நன்று’, ‘முயற்சி தேவை’ என்பவை குறிப்பே அல்ல. ‘இரண்டாவது பத்தியில் காரணம் சொல்லிவிட்டாய், சான்று சொல்லவில்லை’ என்பது குறிப்பு.

நடத்தை பற்றி எழுதி வைப்பது மாணவருக்கே ஆபத்தாக முடியாதா?

முடியலாம். 1968ல் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த சில குழந்தைகளை ‘இவர்கள் மலரப்போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாகச் சிறு வகுப்புகளில், அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. அந்த ஆய்வின் முறையைப் பற்றிப் பெரிய சர்ச்சை உண்டு, விளைவின் அளவு அவ்வளவு இருக்காது என்று பின்னால் வந்த பலர் சொன்னார்கள். ஆனாலும் ‘சோம்பேறி’, ‘அடங்காதவன்’ என்று ஒரு பதிவேட்டில் எழுதினால் அடுத்த ஆண்டு ஆசிரியர் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பார்த்துவிடுகிறார்.

அதனால் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், தீர்ப்பை எழுதக் கூடாது. ‘கவனமே இல்லை’ என்பதற்குப் பதில், ‘மதியம் முதல் பாடவேளை. கரும்பலகையில் இருந்ததை எழுதவில்லை. முன் பெஞ்சுக்கு மாற்றியதும் எழுதினாள்’ என்று எழுதிப் பாருங்கள். முதல் வரி ஒரு பிள்ளையை மூடி வைக்கிறது. இரண்டாவதைப் படிக்கும் எவருக்கும் கண் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்கத் தோன்றும். நல்லது நடந்தாலும் தேதி போட்டு எழுத வேண்டும். குற்றப் பட்டியலாக மட்டும் இருக்கும் பதிவேடு பாதி உண்மைதான்.

மதிப்பெண்களை வகுப்புச் சுவரில் ஒட்டலாமா?

வேண்டாம். வகுப்புக் குழுச் செய்தியில் அனுப்புவதும் அதே தவறுதான். ஒரு மாணவரின் பதிவு அவருக்கும், அவர் பெற்றோருக்கும், அவருக்குப் பாடம் எடுப்பவருக்கும் உரியது.

பதிவேடு எழுதியே பொழுது போகிறது. எப்போது கற்பிப்பது?

நியாயமான புலம்பல். ஒவ்வொரு பதிவேட்டையும் எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் இதைப் பார்த்து யாராவது ஏதாவது முடிவெடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், சட்டமோ துறை விதியோ கேட்காத பட்சத்தில் அதை நிறுத்துவது பற்றித் தலைமையாசிரியர் யோசிக்கலாம். ஒரே விவரத்தை மூன்று நோட்டில் எழுத வைப்பதுதான் பெரிய கொடுமை. கணினியோ செயலியோ வந்தால் சுமை குறையும் என்பது, பழைய நோட்டை மூடினால்தான் உண்மை. பல இடங்களில் செயலியிலும் ஏற்றி, நோட்டிலும் எழுத வேண்டியிருக்கிறது. சரிவைச் சட்டென்று காட்டுவதில் கணினி கெட்டிக்காரத்தனமானது. அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு யார் அந்தப் பிள்ளையோடு பேசுவது என்பதை அது சொல்லாது.

பெற்றோராக நான் பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?

‘எத்தனையாவது ரேங்க்?’ என்பதை விட்டுவிடுங்கள். எந்தப் பாடத்தில் எந்த வகைக் கேள்வி வரவில்லை, எந்தப் பாடவேளையில் வருகை குறைகிறது, போன பருவத்தைவிட என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். பதிவேட்டைப் புரட்டாமல் பதில் சொல்ல முடியாத கேள்விகள் இவை.

எல்லாம் சரியாகச் செய்தும் மதிப்பெண் உயரவில்லையே?

அதுவும் நடக்கும். இந்தத் தலைப்பில் வரும் ஆய்வுகளில் பல ஆசிரியர்களிடமே படிவம் கொடுத்து, ‘உங்கள் வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, பதிவேடு வைக்கிறீர்களா’ என்று கேட்டு, அதைத் தேர்ச்சியோடு பொருத்திப் பார்ப்பவை. தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்வதில் எல்லோரும் தாராளமாகத்தான் இருப்போம். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் இருக்கும் வகுப்பை ஒழுங்காக நடத்துவதும் எளிது, அப்படியானால் எது காரணம், எது விளைவு? தொடர்பு இருப்பது உண்மை, அதன் அளவை மிகைப்படுத்த வேண்டாம். பாடத்தில் ஆசிரியருக்குப் பிடிப்பு இல்லை என்றால் ஒழுங்கான வகுப்பில் ஒழுங்காகத் தவறைக் கற்றுக்கொள்வார்கள். பசியோடு வரும் பிள்ளைக்கும், இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்கும் பிள்ளைக்கும் இருக்கை மாற்றம் உதவாது. பதிவேடு அந்தப் பிள்ளை யார் என்று காட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் வேறு கைகள் வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

முதல் இரண்டு வாரத்தில். கரோலின் எவர்ட்சனும் எட்மண்ட் எம்மரும் 1982ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டு முழுக்க வகுப்பை நன்றாக நடத்தியவர்கள் தொடக்க நாட்களிலேயே நடைமுறைகளைப் பாடம் போலச் சொல்லிக்கொடுத்து, பழக்கி, விடாமல் கவனித்தவர்கள் என்று தெரிந்தது. விதிகள் நான்கைந்து போதும். உள்ளே வந்ததும் செய்ய வேண்டிய ஒரு சிறு கணக்கோ கேள்வியோ கரும்பலகையில் காத்திருக்கட்டும். அவர்கள் அதைச் செய்யும்போதே காலி இடங்களைப் பார்த்து வருகை போட்டுவிடலாம், பெயர் கூப்பிடத் தேவையில்லை.

பதிவுக்கு ஒரே ஒரு நோட்டு. மாணவருக்கு ஒரு பக்கம், அதில் நான்கு பத்தி: வராத நாள், வராத வினா, நடந்த ஒன்று, நான் செய்தது. கடைசிப் பத்தி காலியாகவே இருக்கும் பக்கங்களை வெள்ளிக்கிழமை மதியம் கால் மணி நேரம் உட்கார்ந்து புரட்டி, திங்கள்கிழமை யாரிடம் முதலில் பேசுவது என்று மூன்று பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.